வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் – 6: காசை எங்கே போடுவது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்றொரு ஊர். 1982 ஜனவரி தொடக்கத்தில், அங்கே ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் புதுப் பாட்டுகளைப் பதிவுசெய்தார். அப்போதே அவர் பெரிய நட்சத்திரம். எந்த ஸ்டுடியோவையும் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வசதி உள்ளவர். ஆனால் அந்த அறையில் இருந்தவை ஒரு டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோவும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளும்தான். சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவுசெய்யும் அந்த இயந்திரம் 1979இல் சந்தைக்கு வந்தது. உதவிக்கு இருந்தவர் அவருடைய கிட்டார் டெக்னீஷியன் மைக் பாட்லன். இரண்டு டிராக்கில் குரலும் கிட்டாரும் ஒன்றாகப் பதிவாயின. மீதி இரண்டில் இன்னொரு குரல், ஹார்மோனிகா, இன்னொரு கிட்டார் என்று சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக அனுப்பி, கையிலிருந்த ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் மிக்ஸை இறக்கினார்.

தன் குழுவினருக்குப் போட்டுக் காட்டத்தான் அந்தக் கேசட். பிறகு அதே பாட்டுகளைக் குழுவோடு ஸ்டுடியோவில் பதிவுசெய்து பார்த்தார்கள். கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே ஆல்பமானது. 1982 செப்டம்பர் 30 அன்று ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் வெளிவந்தது.

மலிவான கருவியே போதும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கையிலிருந்தது கிப்சன் ஜே-200, உயர்தரமான கிட்டார். எஸ்எம்57 என்பது 1965 முதல் ஸ்டுடியோக்கள் நம்பிவரும் மைக். ஒலி பிறக்கும் இடத்தில் அவர் குறை வைக்கவில்லை. பதிவு இயந்திரத்தில்தான் சிக்கனம்.

கிட்டாரின் ஒலி கம்பியில் பிறந்து, மரத்தில் வளர்ந்து, அறையில் பரவி, மைக்கில் நுழைந்து, இன்டர்ஃபேஸ் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நம் காசும் அதே வரிசையில்தான் போக வேண்டும். முன்னால் கெட்டுப்போன ஒலியைப் பின்னால் இருக்கும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நம் பிள்ளைகள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பழைய ஸ்ட்ரிங் மாட்டிய கிட்டாரின் முன்னால் விலை உயர்ந்த மைக்கை வைக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கிட்டார்

கடைக்குப் போகும்போது செல்போனில் ஒரு ட்யூனர் ஆப் இருக்கட்டும். ட்யூன் செய்த பிறகு, 12ஆவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். தெளிவான ஒரு ஹார்மோனிக் எழும். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரின் முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தும்போது நன்றாக விலகினால் இன்டொனேஷன் சரியில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜில் உள்ள திருகைத் திருப்பி இதைச் சரிசெய்துவிடலாம். அகவுஸ்டிக்கில் பெரும்பாலும் சாடிலைச் செதுக்க வேண்டிவரும். ஆகவே அகவுஸ்டிக் வாங்குபவர்கள் ஆறு ஸ்ட்ரிங்கையும் இப்படிச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்து ஆக்‌ஷன். அகவுஸ்டிக் கிட்டாரில் 12ஆவது ஃப்ரெட்டுக்கும் அதன் மேலே ஓடும் தடித்த ஸ்ட்ரிங்குக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் விரலுக்குச் சுகம். நான்கைத் தொட்டால் பார் கார்டு பிடிப்பதே தண்டனையாகும். நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து செட்டப் செய்து வாங்குங்கள். நடுத்தர விலைக் கிட்டாரை ஒரு முறையான செட்டப் உயர்த்துவதுபோல வேறு எந்தச் செலவும் உயர்த்தாது.

ஸ்ட்ரிங் விஷயத்தில் கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரமே துருப்பிடித்து ஒலி மங்கிவிடும். பதிவுக்கு முதல்நாளே புது ஸ்ட்ரிங் மாட்டி, இழுத்துவிட்டு, பலமுறை ட்யூன் செய்து வையுங்கள்.

அறைக்குக் காசு தேவையில்லை

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சலசலவென்று திரும்பி வரும் அந்த எதிரொலி பதிவிலும் விழும். கட்டில் மெத்தை இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். முதுகுக்குப் பின்னால் கனமான கம்பளியைத் தொங்கவிடுங்கள், துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். இரவு பத்து மணிக்கு மேல் தெருவும் அடங்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். முட்டை அட்டையில் இரண்டும் இல்லை.

மைக்கும் இன்டர்ஃபேஸும்

கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையெல்லாம் பிடிக்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே. அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தேவை. டைனமிக் மைக்கின் உணர்திறன் குறைவு. அதை வாய்க்கோ கிட்டாருக்கோ அருகில் வைத்துப் பதிவுசெய்வதால் சத்தமுள்ள வீடுகளுக்கு ஏற்றது.

எந்த மைக்காக இருந்தாலும் கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள். அங்கே கீழ்ச்சுருதிகள் குவிந்து குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்தபடி, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, மைக்கை இரண்டு விரற்கடை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். ஓட்டைப் பக்கம் போகப் போக ஒலி கனக்கும், கழுத்துப் பக்கம் போகப் போக மெலியும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஸ்டாண்டை இறுக்கிவிடுங்கள்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: 48 வோல்ட் வசதி, எலெக்ட்ரிக் கிட்டாருக்கான தனி இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட், வாசிப்பதைத் தாமதமின்றிக் கேட்க டைரக்ட் மானிட்டர். இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட் இல்லாமல் பிக்கப்பை நேராகச் சொருகினால் மேல்சுருதிகள் மழுங்கிவிடும். 24 பிட்டில் பதிவுசெய்யும்போது மீட்டர் சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றால் போதும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். ஆடாசிட்டி எல்லோருக்கும் இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எலெக்ட்ரிக் வாசிப்பவர்களுக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ப் வாங்கும் செலவும், அண்டை வீட்டுச் சண்டையும் மிச்சம்.

கையில் 30,000 ரூபாய் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: கிட்டாரும் செட்டப்பும் 13,000, மைக், ஸ்டாண்ட், கேபிள் 7,000, இன்டர்ஃபேஸ் 6,000, காதை மூடும் ஹெட்ஃபோன் 4,000. தொகை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதத்தை மாற்றாதீர்கள்.

அந்தத் தொகையும் இப்போது இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். கென்ட்ரிக் லமார் 2017இல் வெளியிட்ட ‘டேம்’ ஆல்பத்தில் ‘பிரைட்’ பாட்டுக்கு இசை அமைத்த ஸ்டீவ் லேசி, அந்த நாட்களில் ஐபோனில்தான் வேலை செய்தார். நீங்களும் இந்த வாரம் புது ஸ்ட்ரிங் மாட்டி, ஃபேனை நிறுத்தி, செல்போனை 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக வைத்து ஒரு பாட்டை முழுசாகப் பதிவுசெய்யுங்கள். அதைக் கேட்ட பிறகு கடைக்குப் போங்கள். எதை வாங்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

(தொடரும்)