மூக்கு என்னும் காவலன்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்தபோது மூக்கறிவை மூன்றாவதாக வைத்தார். எறும்பையும் கறையானையும் மூவறிவுயிர் என்றார். நாமோ ஐம்புலன்களில் அதற்குக் கடைசி இடமே கொடுத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2021ஆம் ஆண்டு மே மாதம் வரை.

கொரோனாக் காய்ச்சல் தணிந்து எழுந்த ஒரு காலை, காப்பி போடச் சமையலறைக்குச் சென்றேன். அடுப்பின் திருகு சரியாக மூடப்படாமல் எரிவாயு கசிந்துகொண்டிருந்தது. எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது உள்ளே நுழைந்த அம்மா பதறி என் கையைப் பிடித்திராவிட்டால், இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவை நாம் அறிவதற்காகவே 'எத்தில் மெர்காப்டன்' என்னும் நாற்றப்பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். அந்தக் காவல் ஏற்பாடு முழுவதும் நம் மூக்கை நம்பியே செய்யப்பட்டது!

மணம் என்பது காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகளே. நாசியறையின் மேற்புறத்தில் உள்ள ஒரு சிறு சவ்வில் அவை படிகின்றன. அங்குள்ள நரம்பு உயிரணுக்களின் நுண்மயிர்களில் 'ஏற்பிகள்' உள்ளன. இவற்றுக்குரிய மரபணுக்களை 1991இல் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

மனிதரிடம் உள்ள ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400தான். ஆனால் நாம் அறியும் மணங்களோ பல்லாயிரம். இது எப்படி? 247 எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற தமிழ்ச் சொற்களை ஆக்குகிறோம் அல்லவா? அதுபோலவே, ஒரு மணம் பல ஏற்பிகளைத் தூண்டுகிறது. அவற்றின் கூட்டையே மூளை மல்லிகை என்றும் பெருங்காயம் என்றும் படித்துக்கொள்கிறது. அச்செய்தி சல்லடை போன்ற எலும்புத் தட்டின் துளைகள் வழியே மூளைக்கு ஏறி, நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிகளை நேராக எட்டுகிறது. தாத்தாவின் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடையுடன் அவர் முகமும் எழுவது இதனால்தான்.

கொரோனாக் கிருமி பெரும்பாலும் தாக்கியது இந்த நரம்பணுக்களை அன்று. அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே. அதனால்தான் பலருக்கும் மணம் திரும்பியது. மருத்துவர் சொற்படி தினமும் இருவேளை கிராம்பு, எலுமிச்சை, ரோஜா ஆகியவற்றை முகர்ந்து வந்தேன். அதுவரை ரசம் எனக்கு வெறும் புளிப்பும் காரமுமாகவே இருந்தது. ஏழாவது வாரம் கிராம்பு மணத்தது, அன்று அழுதுவிட்டேன்.

நண்பர்களே, முதுமையிலும் மோப்பம் மெல்லக் குறைகிறது. கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகிறோம். மூக்கை யார் சோதிக்கிறோம்? உங்கள் வீட்டில் தனியே சமைக்கும் பாட்டி இருந்தால், கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூளை நீட்டிப் பாருங்கள். அவரால் சொல்ல முடியவில்லையென்றால், அன்றிலிருந்து அவருடைய மூக்கு நீங்கள்தான்.