பசையும் பண்டமும்

வேலூரைச் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. தோல், செருப்புக்கும் பைக்கும் மட்டுமன்றி, இசைத்தட்டுகளை வைத்துக் காக்கும் பெட்டிகளுக்கும் போர்வையாக அமைவதுண்டு. அத்தகைய பெட்டியிலோ இசைத்தட்டின் உறையிலோ ஒட்டிய விலைச்சீட்டை உரித்தால், பசை எஞ்சி நிற்கும். தூசி படிந்து கருந்தழும்பாகும். அதனைப் பழுதின்றி நீக்குவது எங்ஙனம்?

பசை இருவகைப்படும். மாவினாலோ பிசினாலோ ஆயது ஒன்று. அது நீரில் நெகிழும். ரப்பர், அக்ரிலிக் முதலியவற்றால் ஆயது மற்றொன்று. அது நீருக்கு இணங்காது, எண்ணெய்க்கு இளகும். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டான்டன் ஏவரி, நீர் தடவாமலே ஒட்டும் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய விலைச்சீட்டுகளிற் பல அவ்வினத்தைச் சார்ந்தவை.

நோயை அறிந்த மருத்துவன் நோயாளியின் உடல்நிலையையும் அறிதல் வேண்டும். அதுபோலப் பசையை அறிந்தபின் பண்டத்தையும் அறிதல் வேண்டும்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆயது. அரக்கு எரிசாராயத்திற் கரையும். இதனை அறியாது, யானே ஒருமுறை எரிசாராயம் தோய்த்த துணியால் அத்தகைய தட்டொன்றைத் துடைத்தேன். பசை போயிற்று, அதனோடு பாட்டும் போயிற்று. அவ்விடத்தில் வரிப்பள்ளங்கள் மழுங்கிவிட்டன. அக்குரலை மீட்டுத் தர என்னால் இயலவில்லை.

குறுந்தகட்டின் பளிங்கு போன்ற பெட்டி பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆயது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயும் அதனைக் கரைத்து மங்கச் செய்யும். ஆதலின் தேங்காயெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, பின் சோப்பு நீரால் கழுவுக. அதற்குமுன் தகட்டையும் அச்சிட்ட தாளையும் வெளியே எடுத்துவிடுக.

அட்டை உறைக்கு எண்ணெய் ஆகாது. அது ஊறி நிலையான கறையாகும். நீரும் அட்டையை உப்பச் செய்யும். கூந்தல் உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைக் காட்டி, சீட்டின் ஓரத்தைத் தூக்கி, படுக்கைவாட்டில் மெல்ல இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுப்பின் அச்செழுத்தும் உடன் வரும். பாடகர் பெயர், பக்கவாத்தியம் இசைத்தோர் பெயர், பண்டை உரிமையாளர் கையெழுத்து ஆகியன அவ்வுறையிலேயே உள்ளன. கிழிந்தபின் அவற்றை எங்கே தேடுவது?

இனித் தோற்பெட்டியைக் காண்போம். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்ட தோல் நீர் பட்டால் கறைபடும்; எண்ணெய் பட்டால் கறுக்கும்; எரிசாராயமோ அதன் மேற்பூச்சைப் போக்கும். காலணி செய்வோர் வழிந்த ரப்பர்ப் பசையை உலரவிட்டு, கிரேப் ரப்பர்க் கட்டியால் மெல்லத் தேய்ப்பர். பசை உருண்டு திரண்டு கட்டியோடு வந்துவிடும். தோற்பெட்டிக்கும் அம்முறையே ஏற்றது.

எப்பொருளாயினும் முதலில் மறைவான ஒரு மூலையிற் சோதித்துப் பார்த்தல் நன்று. நீங்காத கறை இருப்பின் அதனை அவ்வாறே விட்டுவிடுதலும் அறிவுடைமையே. கறையோடு கூடிய பொருளைப் பின்னும் திருத்தலாம். அவசரத்தால் அழிந்த பொருளைத் திருத்துதல் அரிது.