பீரோவுக்குள் இருக்கும் ஈரம்

பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடப்படுவது பாட்டியின் பழைய நூல் புடவை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட அந்தத் துணியை விடத் தூளி கட்ட ஏற்றது வேறில்லை. ஆனால் அது பரணில் கிடக்கும் தகரப் பெட்டியிலிருந்தோ பீரோவின் அடித்தட்டிலிருந்தோ வருகிறது. மக்கல் வாடை வரக் கூடாதென்று கூடவே நாலைந்து பாச்சை உருண்டைகளையும் போட்டு வைத்திருப்பார்கள். புடவையை எடுத்து, ஒரு உதறு உதறி, அப்படியே தூளி கட்டிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து. பாச்சை உருண்டை, அதாவது பூச்சி உருண்டை, பெரும்பாலும் நாப்தலீன் என்ற ரசாயனம். கரையாமல், உருகாமல், திடப்பொருளாக இருந்தே ஆவியாகித் துணியில் ஏறிக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு இந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக் கூடியது. ரத்தசோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் வரலாம். காமாலை அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். வெளியே எந்த அடையாளமும் இல்லாததால் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பும் குறைவு. எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலீன் இன்னும் எளிதாக ஊறும் என்பதையும் சேர்த்து யோசித்தால், பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தடவும் நம் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

பெட்டியிலிருந்து எடுத்த துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, வாடை முழுக்கப் போன பிறகே குழந்தை மேல் போடுங்கள். கண், தோல் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாச்சை உருண்டை வைத்த துணி என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தவழும் பிள்ளை மிட்டாய் என்று உருண்டையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம். கொழுப்பு இருந்தால் நாப்தலீன் வேகமாக உடம்பில் சேரும். 108-ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு உபயோகத்துக்கான நாப்தலீன் உருண்டைகள் 2008 முதல் விற்பனையில் இல்லை. இங்கே மளிகைக் கடையில் ஊறுகாய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன.

இத்தனைக்கும் மக்கல் வாடையைப் போக்குவது அந்த உருண்டையின் வேலையே அல்ல. அது துணியரிக்கும் பூச்சிகளுக்கானது. மக்கல் வாடை பூஞ்சையும் நுண்ணுயிர்களும் வெளியிடும் வாயுக்களால் வருவது. அவை வளர ஈரம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிக் கிடக்கும்போது, முழுக்கக் காயாத துணியை மடித்து வைத்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை. வாசனைத் திரவம் தெளிப்பது, ஊதுபத்தி ஏற்றுவது எல்லாம் வாடையை மறைக்குமே தவிர பூஞ்சையைத் தொடாது. ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தப் புடவையை உதறுவதே இருமலையும் இழுப்பையும் கொண்டுவரும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து உதறுங்கள்.

பருத்தித் துணி என்றால் வைத்தியம் எளிது. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போலச் சோப்பில் துவைத்து, நல்ல வெயிலில் மொறமொறவென்று காயும்வரை விடுங்கள். சாயம் போகாத துணிக்குச் சுடுதண்ணீர் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ கலப்பது. குளோரின் வாயு கிளம்பி, மூடிய குளியலறையில் மூச்சையே அடைத்துவிடும்.

பட்டுப்புடவைக்கு இந்த முறை ஆகாது. வினிகர் ஜரிகையைக் கெடுக்கும். நேர் வெயில் நிறத்தை வெளுக்கும். நிழலில், காற்றோட்டத்தில் உள்பக்கம் வெளியே வரும்படி ஒரு நாள் விரித்துப் போடுங்கள். கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளை மல் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். வேப்பிலை, வசம்பு, கிராம்பு பூச்சியைத்தான் விரட்டும். அதிலும் வேப்பிலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக வைத்தால் ஈரத்தை நாமே உள்ளே வைப்பதாகும். ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல் பொட்டலங்கள் போதும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடம் விடுங்கள், குளியலறைச் சுவராக இருந்தால் கட்டாயமாக.

வாடை நம் வீட்டிலிருந்து வராமல், காசு கொடுத்து வாங்கி வருவதாகவும் இருக்கலாம். டிரை கிளீனிங் கொடுத்த புடவை ஈரம் காயாமல் உறைக்குள் மூடப்பட்டு, பூஞ்சைப் புள்ளியோடு திரும்பி வரும். கேட்டால் ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் ‘சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற வரியைக் காட்டுவார்கள். நிறையப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள், வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. அச்சடித்த ஒரு வரியால் கடைக்காரர் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. கொடுக்கும்போதே புடவையின் நிலையைப் படம் எடுத்து, ரசீதில் அதன் விலையையும் எழுதச் சொல்லுங்கள். வாங்கும்போது கடையிலேயே உறையைப் பிரித்துப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி.

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புதுத்துணி மக்கிப்போயிருந்தாலும் இதே சட்டம்தான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற ரசீதில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்கள் உண்டு. கடைக்காரர் மறுப்பதும், ரசீது தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

என்ன துவைத்தும், என்ன வைத்தும் வாடை மீண்டும் மீண்டும் வந்தால் துணியை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வாடகை வீட்டில் சுவருக்குள் குழாய் கசிந்தால் பீரோவை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கட்டடப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. கசிவைத் தேதியோடு படம் எடுத்து அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் வருவாய்த் துறையில் இதற்கென நியமிக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கே போவதற்கு எழுதிப் பதிந்த ஒப்பந்தம் கையில் இருப்பது நல்லது; வாய்ப்பேச்சில் குடியேறியவர்கள் அதை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.