போல்ட் தலை உருண்டுவிட்டதா? பழைய கார் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். சின்ன வேலை என்று நினைத்து காலையில் வண்டியை ஷெட்டில் விட்டிருப்போம். மதியம் போன் வரும்: “சார், ஒரே ஒரு போல்ட் மட்டும் வரமாட்டேங்குது. தலை உருண்டுடுச்சு.” அரை மணி நேர வேலை அந்த இடத்தில் இரண்டு நாளாக மாறிவிடும்.

இத்தனைக்கும் நாம் இருப்பது போல்ட் ஊரில். பாடியில் 1960-களில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள் வெளிநாட்டு கார் கம்பெனிகள் வரை போகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆனாலும் நம்ம வண்டியின் போல்ட் மட்டும் அசையாது!

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மரைக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ முடி அளவுதான். அங்கே துரு பெருத்தால், ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். அப்படி நீரில் நின்ற வண்டிகளில் எஞ்சினையும் சீட்டையும் சரிசெய்தவர்கள் பலர், அடியில் இருக்கும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் புஷ் மாற்றப் போகும்போதுதான் தெரியும்.

அலுமினியத்தில் இறங்கியிருக்கும் இரும்பு போல்ட் இன்னும் மோசம். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சின்ன பேட்டரி போல மின்வேதி அரிப்பு நடக்கும். அலுமினியம்தான் அரிபடும். அலுமினிய ஹெட்டில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும் என்பதும் மரையைக் காப்பாற்றத்தான்.

தலை உருள்வதற்கு யார் காரணம்?

பல நேரம் துரு இல்லை, ஸ்பேனர்தான். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி. அதன் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் “உட்கார்ந்துடும்”. ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். இறுகிய போல்ட்டில் அந்த ஆட்டம் போதும், ஆறு மூலையும் மழுங்கிவிடும். 1990-களில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடரில் குழப்பம் இன்னும் கூடுதல்: எஞ்சினில் மெட்ரிக், மற்ற இடங்களில் அங்குலம். மாருதி 800-இல் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் மெட்ரிக். 10, 12, 14 இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

அடுத்த குற்றவாளி, ஸ்பேனரில் மாட்டும் பைப். 8 மி.மீ. தடிமன் கொண்ட சாதாரண 8.8 கிரேடு போல்ட்டை இறுக்கத் தேவை சுமார் 25 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் ஸ்பேனரில் 10 கிலோ அழுத்தம் கொடுத்தாலே அது வந்துவிடும். அதே கை, முக்கால் மீட்டர் பைப்பில் அழுத்தினால் மூன்று மடங்கு. போல்ட் கழலாது, முறியும். பைப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, வீல் நட்டுக்கு அது பிழைப்பு. சின்ன போல்ட்டில் போடாதீர்கள்.

சரி, எப்படிக் கழற்றுவது?

அவசரப்படாததுதான் முதல் வேலை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். டீசல் ஊற்றுவதும் நம் ஷெட்டுகளில் பழைய வழக்கம், மெதுவாக வேலை செய்யும். மறுநாள் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு உடைந்து எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு ஆறு முனை சாக்கெட் போட்டு, கழற்றுவதற்கு முன் லேசாக இறுக்கிப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. கால் சுற்று கழற்றி, மறுபடி உள்ளே திருப்பி, மறுபடி வெளியே. ஒரேயடியாக இழுத்தால் துருத்தூள் மரைக்குள் சிக்கி, வந்த போல்ட்டும் நின்றுவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் காஸ் வைத்துச் சூடேற்றுவார்கள். போல்ட்டை அல்ல, சுற்றியுள்ள நட்டைச் சூடாக்க வேண்டும். நட்டு விரிந்து பிடி தளரும். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் நெருப்பே கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடம் என்றால் இன்னும் ஜாக்கிரதை: குளோரின் கலந்த வகைகள் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவை உண்டாக்கும். அடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம்.

தலை முழுசாக உருண்டுவிட்டதா? அதன் மேல் ஒரு புது நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடிப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக நம்பகமான வழி. பிடிக்கத் தலையும் கிடைக்கிறது, சூடும் உள்ளே இறங்குகிறது. உள்ளே முறிந்த ஸ்டட்டுக்கும் இதே வைத்தியம் உண்டு. ‘ஈசி அவுட்’ என்ற கருவி பெயரளவில்தான் ஈசி. மிகக் கடினமான எஃகு என்பதால் அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. அதற்குப் பதில் நேர் நடுவில் துளை போட்டு எடுத்துவிட்டு, கெட்ட மரைக்கு ஹெலிகாயில் போடலாம். ஹெட்டைக் கழற்றி லேத் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தாலும், புது ஹெட் வாங்குவதைவிட லாபம்.

புது போல்ட் வாங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘சைஸ் சேர்ந்தா போதும்’ என்று ஹார்டுவேர் கடை போல்ட்டை பிரேக் காலிப்பரில் போடுவது உயிரோடு விளையாட்டு. தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும், முதல் எண் இழுவிசைத் தாங்குதிறன். கழற்றியதில் எந்த எண் இருந்ததோ அதே, அல்லது கம்பெனி சொன்னது. அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும்: மூன்று கோடு என்றால் ஐந்தாம் கிரேடு, ஆறு கோடு என்றால் எட்டாம் கிரேடு. பழைய போல்ட்டைக் குப்பையில் போடாமல், கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.