நம் கையில் உள்ள பங்கு

  

“எல்லாம் அல்லாஹ் நாடியபடி நடக்கும், நம் கையில் என்ன இருக்கிறது?” இவ்வார்த்தையை நம் ஊர்களில் மையித்து வீட்டிலும் கேட்கின்றோம், வேலைவெட்டியின்றிச் சந்தியில் நிற்கும் வாலிபனின் வாயிலிருந்தும் கேட்கின்றோம். மையித்து வீட்டில் அது ஈமான் தரும் ஆறுதல். சந்தியிலோ அது பெரும்பாலும் மனச்சோர்வின் மீது போர்த்திய போர்வை. வார்த்தை ஒன்றுதான், அதை எங்கே சொல்ல வேண்டும், எங்கே சொல்லக்கூடாது என்பதை அறியாததால் பலர் நிம்மதியை இழந்து நிற்கின்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையை இப்பகுதி மக்கள் மறக்க முடியாது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி, கல்லடி, காத்தான்குடி, தெற்கே மருதமுனை, கல்முனை எனக் கரையோரம் நெடுகிலும் கடல் ஏறி வந்தது. அப்போது நான் ஓதிக்கொண்டிருந்த மாணவன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். “கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால்...” என்பதே பல மாதங்களாக அவரது வாயில் இருந்த ஒரே வார்த்தை. தன் கைக்கு எட்டாத ஒன்றைத் தன் கையில் இருந்ததாக நினைத்து அவர் வெந்துகொண்டிருந்தார்.

அதே காலத்தில் இடைத்தங்கல் முகாம்களில் வேறொரு நோயைக் கண்டோம். சமையற்பாத்திரம் முதல் அரிசி வரை யாரோ கொண்டுவந்து தந்தார்கள். வீடு எங்கே, எப்போது என்பதை யாரோ முடிவு செய்தார்கள். கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அன்றைய அரசு அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. அதுவரை தன் சொந்த வளவில் தன் வீட்டைக் கட்டலாமா என்பதே பலருக்குத் தெரியாதிருந்தது. நேற்றுவரை தோணி தள்ளி உழைத்த மனிதர், வரிசையில் நின்று கை நீட்டும் மனிதரானார். வயிறு நிறைந்தது, மனம் ஒடுங்கியது. தன் வாழ்வில் தனக்கு ஒரு சொல்லும் இல்லை என்ற உணர்வே அந்த ஒடுக்கத்தின் வேர்.

உளவியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். 1976இல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், “உங்கள் அறையை எப்படி ஒழுங்கு செய்வது, எந்த நாளில் படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம்” என்ற கருத்துப்படக் கூறப்பட்டது. விரும்பிய செடியொன்றை எடுத்துத் தாமே பராமரிக்கவும் விடப்பட்டது. மற்ற மாடியில் இருந்தோருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றியவர்கள் தாதியர். “உங்கள் நலனை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மூன்று வாரங்களின் பின், முதல் மாடியினரிடம் கூடிய மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் காணப்பட்டன. ஆய்வில் பங்குகொண்டோர் நூறு பேருக்கும் குறைவு என்பதால் எல்லாவற்றையும் அதன் மீது சுமத்த முடியாது. ஆயினும் அன்போடு செய்யப்படும் உபகாரம்கூட, மனிதனின் பொறுப்பைப் பறித்துவிட்டால் அவனைத் தளர்த்திவிடலாம் என்பதை அது உணர்த்துகிறது.

இன்னொரு ஆய்வு 1967இல் வெளிவந்தது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர், தப்ப வழியின்றி மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்கள், பின்னர் தாண்டக்கூடிய சிறு தடுப்பு முன்னே இருந்தும் பெரும்பாலும் தாண்டாமல் படுத்துவிட்டதைக் கண்டனர். இயலாமை கற்றுக்கொள்ளப்படுகிறது என்றே அவர்கள் முடிவு செய்தனர். ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின், 2016இல், அவ்விருவருமே தம் கருத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்தின் முன் சோர்ந்து கிடப்பது உயிரின் இயல்பு. “என்னால் ஏதோ செய்ய முடியும்” என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். பெற்றோர்களே, இதனைக் கவனியுங்கள். நாம் பழக்காவிட்டால் பிள்ளைக்கு அது தானாக வராது.

அப்படியானால், கத்ரை நம்பும் முஃமின் இதனை எப்படி விளங்குவது?

கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஸஹாபாக்களுடன் ஆலோசித்துத் திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். “அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகின்றீர்கள்?” என்ற கருத்தில் அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் செல்வதாகவே உமர் (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று வினவியவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும் நாம் அறிவோம்.

நம் வாவியில் தொழில் செய்யும் சகோதரரைப் பாருங்கள். முகத்துவாரம் மண்மேடாகி மூடுவதும் மாரியில் திறப்பதும் அவர் கையில் இல்லை. மீன் படுவதும் படாததும் அவர் கையில் இல்லை. கிழிந்த வலையைப் பொத்துவதும், சுபஹுடன் தோணியை இறக்குவதும் அவர் கையில் உள்ளன. அந்தப் பங்கைச் செய்துவிட்டு எஞ்சியதை ரப்பிடம் விடுபவரே மன அமைதியுடன் தூங்குகிறார். வலையைப் பொத்தாதவர் ரிஸ்கின் மீது பழி போடுகிறார். மீன் படாததற்கெல்லாம் தன்னையே நொந்துகொள்பவர் நோயாளியாகிறார்.

ஆகவே இப்படி விளங்கிக்கொள்வோம்: நடந்து முடிந்ததைக் கத்ரின் பக்கம் சாட்டுங்கள், நடக்க வேண்டியதை முயற்சியால் எதிர்கொள்ளுங்கள். பயனுள்ளதில் ஆசை வைத்து, அல்லாஹ்விடம் உதவி தேடி, இயலாமையில் கிடக்காதிருக்குமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள், துன்பம் நேர்ந்தபின் “இப்படிச் செய்திருந்தால்” என்று சொல்வதைத் தடுத்தும் இருக்கின்றார்கள். இரண்டும் ஒரே ஹதீஸில் வருகின்றன. பிள்ளையை இழந்த அந்தத் தாய்க்குரியது அதன் பிற்பகுதி. சந்தியில் நிற்கும் வாலிபனுக்குரியது அதன் முற்பகுதி. நாமோ பல வேளை இதனை மாற்றிக் கொடுத்துவிடுகின்றோம். தாயிடம் “கவனமாக இருந்திருக்கலாமே” என்கின்றோம், வாலிபனிடம் “உன் தலையில் எழுதியது அவ்வளவுதான்” என்கின்றோம்.

பெற்றோர்களே! மகன் உயர்தரத்தில் எந்தப் பிரிவைப் படிப்பது என்பதை அவனைக் கேளாமலே தீர்மானிக்கின்றோம். மகளின் வாழ்க்கைத் துணையை அவள் அறியுமுன்பே பேசி முடிக்கின்றோம். அன்பினால்தான் செய்கின்றோம், ஆனால் செடிக்கு நாமே தண்ணீர் ஊற்றிவிடுகின்றோம். இப்ராஹீம் (அலை) அவர்கள், கனவில் வந்த இறைகட்டளையைக்கூடத் தம் மகனிடம் கூறி, அவருடைய கருத்தைக் கேட்டார்கள். தன் சம்மதமின்றித் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் முடிவுரிமையை வழங்கினார்கள். உரிமை கையில் கிடைத்ததும், தந்தை செய்ததை ஏற்றுக்கொள்வதாகவே அவள் கூறினாள். பெண்களுக்கு இவ்விடயத்தில் உரிமை உண்டா என்று அறியவே வந்ததாகவும் சொன்னாள். மாப்பிள்ளை மாறவில்லை, மனம் மாறியது. கேட்கப்பட்டாள் என்பதே காரணம்.

இளைஞர்களே! வெளிநாட்டு விசா எப்போது வரும், அரச தொழில் எப்போது கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுவது, இன்று எதைக் கற்பது, வாப்பாவின் கடையில் இரண்டு மணித்தியாலம் நிற்பதா இல்லையா என்பவை உங்கள் கையில் உள்ளன. மனம் மிகவும் தளர்ந்து, எதிலும் பிடிப்பற்றுப் போனால் அதை மறைக்காதீர்கள். நம்பகமான ஒருவரிடம் சொல்வதும் வைத்தியரை நாடுவதும் உங்கள் பங்கைச் சேர்ந்தவையே. அவை ஈமானின் குறைவல்ல.

கையில் ஒரு செடி இருக்க, கியாமத்தே வந்துவிட்டாலும் முடிந்தால் அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள். அது காய்க்குமா என்பதல்ல நம்மிடம் கேட்கப்படுவது, நட்டாயா என்பதே.

நம் கையில் உள்ள பங்கை நிறைவேற்றவும், இல்லாததைப் பொருந்திக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.