சுயமுன்னேற்றப் புத்தகத்தை ஏன் நாலு பேரோடு படிக்கணும்?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகளில் ஒன்றுக்கு இந்த முழு எபிசோடையும் ஒதுக்கிடலாம்னு நினைச்சேன். பொத்தேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஃபைனல் இயர் தம்பி ஒருத்தர் கேட்கிறார்: "அண்ணா, இந்த வருஷம் ஆறு செல்ஃப் ஹெல்ப் புக் முடிச்சிட்டேன். படிக்கும்போது அப்படியே ஏறுது, ரெண்டு நாள்ல இறங்கிடுது. பிரச்சினை என்கிட்டயா, புக்லயா?"

பிளேஸ்மென்ட் நேரத்தில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 'மனசு வைத்தால் முடியும்' என்று புத்தகம் சொல்லுது. நமக்கு முடியலைன்னா, அடுத்த வரியை நாமே எழுதிக்கிறோம்: அப்போ நான் ஒழுங்கா மனசு வைக்கலை. புத்தகம் தப்பித்துவிடும், மாட்டிக்கொள்வது நாம். கேம்பஸில் நாலு கம்பெனி ரிஜெக்ட் பண்ணின பையன் இந்த வரியோட தனியா ரூமில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

என் பதில் இதுதான். இந்த வகைப் புத்தகத்தைத் தனியாகப் படிப்பதுதான் பிரச்சினை. நாவலைத் தனியாகப் படிக்கலாம், அது வேற விஷயம்.

சொல்லப்போனா, இந்த வகை எழுத்து பிறந்ததே கூட்டத்தில்தான். 1859-ல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதின புத்தகத்தின் தலைப்பே 'செல்ஃப் ஹெல்ப்'. இந்த வகைக்குப் பெயர் ஒட்டிக்கொண்டதில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்படி வந்ததுன்னு முன்னுரையில் அவரே கதை சொல்றார். இங்கிலாந்தில் ரெண்டு மூணு ஏழை இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் ஒன்றாக உட்கார்ந்து ஒருத்தருக்குத் தெரிந்ததை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஒருத்தர் வீட்டு அறை. கோடையில் தோட்டம். ஆள் சேரச் சேர இடம் போதவில்லை. அந்த ஊரில் காலரா நேரத்தில் தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்த ஒரு ஹால் காலியாகக் கிடந்தது. பயத்தில் யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. இவர்கள் எடுத்தார்கள். நூறு பேர் அளவுக்குச் சேர்ந்ததும், 'எங்களுக்குக் கொஞ்சம் பேசுங்க' என்று ஸ்மைல்ஸைக் கூப்பிட்டார்கள். லீட்ஸ் நகரத்தில் 1845-ல் அவர் பேசிய அந்தப் பேச்சுகள்தான் பிற்பாடு புத்தகமாக வளர்ந்தன. குரூப் முதலில், புத்தகம் அப்புறம்.

அதுக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாடி, 1727-ல், பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 'ஜன்டோ' என்று ஒரு வெள்ளிக்கிழமைச் சங்கம் ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு 21 வயசு, அச்சுக்கூட வேலை. சங்கத்தில் செருப்புத் தைக்கிறவர், தச்சர், நில அளவையாளர் எல்லாம் இருந்தார்கள். எல்லாரும் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் அடுக்கினார்கள். சரியாகப் பராமரிக்க ஆள் இல்லாமல் ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குரூப் டிராமா அன்றைக்கே இருந்திருக்கு! அதிலிருந்து பாடம் கற்று 1731-ல் சந்தா போட்டு ஒரு நூலகம் தொடங்கினார்கள். அது இன்னும் இருக்கு. டேல் கார்னகியின் 1936 புத்தகமும் அப்படித்தான்: 1912-லிருந்து நியூயார்க் ஒய்எம்சிஏவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவர் எடுத்த மாலை வகுப்புகளில் ஊறி வந்தது.

நம்ம பக்கம் இதுக்குச் சரியான ஆள் எம்.எஸ். உதயமூர்த்தி. மயிலாடுதுறைப் பக்கம் விளநகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழிலதிபராகவும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். 'எண்ணங்கள்' எழுதினவர். உங்க அப்பா அலமாரியில் தேடிப் பாருங்க, கிடைச்சாலும் கிடைக்கும். அவர் எழுத்தோடு நிற்கவில்லை. 1988-ல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கி, தன் வாசகர்களை ஊர் வேலைக்கு இழுத்தார். அதே வருஷம் கே. பாலசந்தர் 'உன்னால் முடியும் தம்பி' எடுத்தார். அதில் கமல் பாத்திரத்தின் பெயர் உதயமூர்த்தி; இவரை மனதில் வைத்து வைத்த பெயர். அந்த இயக்கம் அரசியலாக எவ்வளவு தூரம் போனது என்பது தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, படித்தவர்களை ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்படி அவர் உட்கார வைத்தார் என்பதுதான்.

சரி, இன்றைக்கு வருவோம். காட்டாங்குளத்தூர் பெல்ட்டில் நேரில் உட்காருவது கஷ்டம். ஹாஸ்டலுக்கு கேட் டைம் இருக்கு. ஒருத்தருக்கு மகேந்திரா சிட்டியில் வேலை, இன்னொருத்தர் தினம் சிறுசேரி போய் வர்றார். கோர்ஸ் முடிந்ததும் பாதிப் பேர் பெங்களூரு போயிடறாங்க. அதனால் எங்க வாசிப்பு குரூப் ஆன்லைன்தான். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி, ஒரு மணி நேரம், வாரம் ரெண்டு அத்தியாயம்.

இதில் என்ன நடக்குதுன்னு ஒரு உதாரணம். ராபின் ஷர்மாவின் 'தி ஃபைவ் ஏஎம் கிளப்' எடுத்தோம். காலையில் அஞ்சு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிற புத்தகம். முதல் ஞாயிறே, யுஎஸ் ஷிஃப்டில் இருக்கிற ஒரு அக்கா மைக்கை ஆன் பண்ணினார். "எனக்கு ஷிஃப்ட் முடியறது ராத்திரி ரெண்டரை. கேப் என்னை கூடுவாஞ்சேரியில இறக்கிவிட மூணரை ஆகும். அஞ்சு மணிக்கு நான் எழுந்திருக்கணுமா, தூங்கப் போகணுமா?" எல்லாரும் சிரிச்சோம். அடுத்து, எட்டு மாசக் குழந்தை வைத்திருக்கிற ஒருத்தர்: "நான் தினமும் அஞ்சு மணிக்கு முழிச்சுத்தான் இருக்கேன், இன்னும் ஒண்ணும் மாறலை." ஹாஸ்டல் பையனுக்கு வேற சிக்கல்: ரூம்மேட் ரெண்டு மணி வரை லைட் போட்டு கோட் பண்றான்.

தனியாகப் படித்திருந்தால் இந்த மூணு பேருக்கும் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சியிருக்கும். சேர்ந்து படித்ததால், இந்த அறிவுரையில் அஞ்சு மணி முக்கியமா, இல்லை வேற ஏதாவதா என்று கேட்க முடிந்தது. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் வேணும், அவ்வளவுதான் என்று பேசிப் பேசி வந்து நின்றோம். ஷிஃப்ட் அக்காவுக்கு அது மத்தியானம் பன்னிரண்டு. தாம்பரத்தில் ஏறிப் பரனூரில் இறங்கும் ஒருத்தருக்கு அது செங்கல்பட்டு லோக்கலின் ஜன்னல் சீட்டு. குழந்தை வைத்திருப்பவருக்கு? இப்போதைக்கு அப்படி ஒரு நேரமே இல்லை. அவர் மேல் தப்பும் இல்லை. இதையும் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லணும், புத்தகம் சொல்லாது. ஆபீஸ் பாஷையில் சொன்னா இது கோட் ரிவ்யூ. எழுத்தாளர் மெஷினில் ஓடுது, சரி. நம்ம மெஷினில் ஓடுதா?

இன்னொரு பயன், யாராவது ஒருத்தர் மூலத்தைத் தேடிப் போவார். '21 நாளில் பழக்கம் உருவாகும்' என்று எத்தனை ரீலில் கேட்டிருப்பீங்க? அது 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்கிற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்திலிருந்து கிளம்பினது. ஆபரேஷனுக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சார். 'குறைந்தது' வழியில் தொலைந்துவிட்டது, முகம் பழக்கமாக மாறிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது மாதிரி சின்னப் பழக்கங்கள்தான். அது தானாக நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம், 18-லிருந்து 254 வரை கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கு. 22-ம் நாள் 'நான் வேஸ்ட்' என்று முடிவு பண்ணியிருக்கிற யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்களுக்காகத்தான் சொல்றேன்.

குரூப் என்றாலே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அதுக்கே உரிய ஒரு பொறி இருக்கு. 'நாளையிலிருந்து ஜிம்', 'இந்த மாசம் நூறு லீட்கோட்' என்று போஸ்ட் போட்டதும் முப்பது ஃபயர் எமோஜி வரும். செய்து முடிச்ச மாதிரி ஒரு திருப்தி. பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளரும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சட்ட மாணவர்களை வைத்து இதைப் பார்த்திருக்காங்க. வக்கீல் ஆகணும் என்பதில் தீவிரமாக இருந்தவர்களில், தங்கள் உறுதியை இன்னொருத்தர் படித்துவிட்டார் என்று தெரிந்தவர்கள், அப்புறம் கொடுத்த பயிற்சியில் குறைவான நேரமே உட்கார்ந்தார்கள். அதனால் எங்க குரூப்பில் எதிர்காலத்துக்குத் தடை. 'செய்யப்போறேன்' போடக் கூடாது. போன வாரம் என்ன செஞ்சீங்க, எங்கே நின்னுச்சு, இது மட்டும்தான். 'ஒண்ணும் செய்யலை' என்பதும் செல்லுபடியாகும் பதில். இந்த ஒரு விதி வந்த பிறகு மெசேஜ் எண்ணிக்கை குறைஞ்சது, பேச்சு நல்லாயிடுச்சு.

வேற ரெண்டு விஷயத்தை வேகமா சொல்லிடறேன். குரூப்பில் ஒருத்தர் ரொம்ப அன்பா 'உங்க மைண்ட்செட் சூப்பர், ஒரு பிசினஸ் ஆப்பர்சூனிட்டி பேசலாமா' என்று தனி மெசேஜ் அனுப்பினால், அட்மினிடம் சொல்லுங்க. சுயமுன்னேற்ற வாசகர்களைத் தேடி எம்எல்எம் ஆட்கள் வருவது புதுசு இல்லை. ரெண்டாவது, பிடிஎஃப் சுத்த விடாதீங்க. சென்னை புத்தகக் காட்சியில் தள்ளுபடி கிடைக்கும், பழைய புத்தகக் கடை இருக்கு, லோக்கல் ஏறி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போய் உட்கார்ந்து சும்மாவே படிக்கலாம்.

தூக்கம் வரலை, எதிலும் பிடிப்பு இல்லை, இது வாரக்கணக்கில் போகுதுன்னா, அதுக்கு மருந்து ஏழாவது புத்தகம் இல்லை, எங்க ஞாயிறு மீட்டிங்கும் இல்லை. அரசாங்கத்தின் டெலி மானஸ் நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். வாய்ஸ் நோட் அனுப்பின தம்பி, உங்களுக்கும் அந்த மாதிரி இருந்தா முதல்ல அங்கே கூப்பிடுங்க. அதெல்லாம் இல்லை, வெறும் சலிப்புதான்னா, அந்த ஆறில் ஒண்ணை மட்டும் எடுத்து, உங்க ஃபுளோரில் மூணு பேரைப் பிடிச்சு, முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப ஆரம்பிங்க. ஆன்லைனில் சேரணும்னா, அடுத்த சுற்றுக்கு எடுத்திருப்பது ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்'. தமிழ் மொழிபெயர்ப்பும் வந்திருக்கு, எதில் வேணும்னாலும் படிச்சுட்டு வாங்க.