சாமிக் கணக்கும் சாவுக் கணக்கும்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், உற்சவ விக்கிரகம் வைக்கும் அறையின் மூலையில், துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு கொப்பிகள். ஒன்று திருவிழாக் கணக்கு. மற்றது மரண உதவிச் சங்கத்தின் கணக்கு. தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆடித் திருவிழாவுக்குச் சேர்த்த காசை இழவு விழுந்த வீட்டுக்குக் கைமாற்றாக எடுக்கலாமா என்று ஆரம்பத்தில் எனக்குத் தயக்கம். கோயில் தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எடுங்க டீச்சரம்மா. ஆத்தாவுக்குப் பூ ஒரு நாள் பிந்தினா அவ கோவிச்சுக்க மாட்டா. பொணம் காத்துக்கிட்டு இருக்காது." அவர் மூன்றாம் வகுப்போடு மலைக்குக் கவ்வாத்து வெட்டப் போனவர். திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தைப் பரீட்சைக்கென்று பல வருஷம் படிப்பித்தவள் நான். அவர் சொன்னதற்கு மேல் அதில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் சாமியும் சாவும் இப்படித்தான் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்குக் கடல் தாண்டி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் போனார்கள். உயிர் தப்பியவர்கள் வந்த இடத்தில் முதலில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். பிறகு கண்ட ஆபத்துக்கெல்லாம் ஒரு சாமி. கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமலிருக்கக் கவ்வாத்துச்சாமி. தேயிலை ஸ்டோரின் சக்கரம் கையை இழுத்துவிடாமலிருக்க ரோதைமுனி. இந்தச் சாமிகளைப் பட்டணத்துக்காரர்கள் சிரிப்போடு பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கத்தியைக் கழுவி, கற்பூரம் காட்டி, கும்பிட்டுவிட்டு முதல் கிளையை வெட்டுகிறவன் அன்றைக்குக் கத்தியைக் கொஞ்சம் கவனமாகத்தான் பிடிப்பான். ஒரு நிமிஷம் நின்று ஆபத்தை நினைத்துப் பார்க்க வைக்கிற எதுவும் மூடநம்பிக்கை ஆகாது.

சாவு விழுந்தால் லயத்தில் நடப்பதைச் சொல்கிறேன். முதல் ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் பக்கத்துக் காம்பறாவில் அடுப்பு மூட்டுவார்கள். செத்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்கக் கூடாது என்பது முறை. அதனால் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சாயத்தண்ணியும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்துவிடும். இரண்டு பொடியன்கள் கேதம் சொல்லக் கிளம்புவார்கள். இப்போது கைத்தொலைபேசி வந்துவிட்டது, ஆனாலும் பங்காளி வீட்டுக்கு நேரில் ஆள் போனால்தான் மரியாதை. சங்கத்துப் படங்கும் பிளாஸ்டிக் கதிரைகளும் தோளில் ஏறி வரும். பெட்டி எடுக்கப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ ஒரு வாகனம் போகும். குழி வெட்டுகிறவர்களுக்குத் தோட்டம் அன்றைய கூலிக்குப் பேர் போட்டுக் கொடுத்த காலமும் உண்டு. தப்பு அடிப்பவர்கள் வந்ததும் வீடு ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். எந்த நேரத்தில் யார் எழும்ப வேண்டும், நீர்மாலைக்கு யார் போவது, வாய்க்கரிசிக்கு யார் முதலில் என்பதையெல்லாம் தப்புச் சத்தமே நடத்திக்கொண்டு போகும்.

கவனித்துப் பாருங்கள், இழந்தவர்களை யாரும் முடிவெடுக்க விடுவதில்லை. என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கத் தேவையே இல்லாமல் முறைமைகள் செய்துவைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குரிய வேலை அழுவது மட்டும். அந்த அழுகையிலும் ஒளிவுமறைவு கிடையாது. ஒப்பாரி வைக்கிற பெண்கள் எமனைத் திட்டுவார்கள், வைத்தியம் பார்க்காத மகனைத் திட்டுவார்கள், கண் திறக்காத ஆத்தாவையும் திட்டுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆத்தாவுக்கு விளக்கு வைப்பார்கள். சாமியைத் திட்டவும் இடம் கொடுக்கிற பக்திதான் அடிபட்டாலும் நிற்கிறது என்பது என் எண்ணம். நம் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்தக் குரல்களில் பாதி காற்றோடு போயிருக்கும்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் கணக்குக் கொப்பியோடு நான் போவேன். யார் எவ்வளவு மொய் வைத்தார்கள், சங்கம் கொடுத்தது எவ்வளவு, கடையில் கடன் எவ்வளவு என்று எல்லார் முன்னிலையிலும் வாசிப்பேன். வெளியாட்களுக்கு இது கரடுமுரடாகத் தெரியலாம். ஆனால் மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும்போது, எவ்வளவு கடனோடு போகிறோம் என்பதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சாவைப் பழகிக்கொள்ள எங்கள் மக்கள் வைத்திருக்கிற பெரிய பாடசாலை காமன் கூத்து. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தோட்டத்துப் பையன்களே காமனும் ரதியும் ஆவார்கள். பிள்ளை பிழைத்தால் அவனுக்கு ரதி வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்ட தாய்மாரை எனக்குத் தெரியும். வேஷம் கட்டுகிறவர்கள் விரதமிருப்பார்கள். கடைசி இரவில் விடிய விடியக் கூத்து நடக்கும். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமதர்மன் வருவான். சிவன் தபசில் இருப்பார். காமன் அம்பு விடுவான், நெற்றிக்கண் திறக்கும், காமன் எரிவான். பிறகு ரதி தாலியறுத்து அழுவாள். அந்த அழுகையில் கூடவே அழாத பெண் யாருமில்லை. அந்த வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள் அன்றைக்குத்தான் முழுக்க அழுது தீர்ப்பாள். மூன்றாம் நாள் காமனை உயிரெழுப்புவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி பாடுவார்கள். ரதி எழுந்து கண்ணைத் துடைப்பதைப் பார்க்கத்தான் எங்களுக்கு அவசரம்.

கூத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. காமன் விடிவதற்குள் எரியப்போகிறான் என்பது கூத்துப் பார்க்க வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அவன் எழுந்துவிடுவான். மீரியபெத்தையிலும் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கொஸ்லாந்தைக்கு மேலே, ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் இருக்கிறது மீரியபெத்தை. அந்த மலை சரியக்கூடியது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், பாதை எல்லாம் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதலில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள். பிறகு கணக்கு 37 என்று நின்றது. அவர்களில் பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

உடல் இல்லாத சாவுக்கு எங்கள் ஒழுங்குகள் தடுமாறிப்போகும். குளிப்பாட்ட ஆளில்லை, வாய்க்கரிசி போட வாயில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்யலாம் என்று சாஸ்திரத்தில் வழி இருக்கிறது. அதன்படி செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஐயர் மந்திரம் முடித்த பிறகும் தாய்மார், எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். அந்த இடத்தில் புத்தியோ பக்தியோ முழுதாகக் கைகொடுப்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கத்தான் முடியும்.

எச்சரிக்கை கிடைத்தும் ஏன் போகவில்லை என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். எங்கே போவது? லயத்துக் காம்பறா குடியிருப்பவனுக்குச் சொந்தமில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, காணி அரசினுடையதாகவே இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் உழைத்த குடும்பத்துக்கு ஒரு கூடாரம் அடிக்கவும் தன் பெயரில் நிலமில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலை ஸ்டோரில் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். 2016இல்தான் மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்.

எங்கள் மலைக்கு மட்டும் வந்த விதி இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேரளத்து மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, தேயிலைத் தோட்டத்து லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களும் தென்தமிழ்நாட்டிலிருந்து போய்த் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்கள். அங்கேயும் குடியிருப்புக்குப் பேர் லயம்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி, நுவரெலியாவோடு பதுளை மாவட்டமும் மிக அதிகமாக இழந்தது. ஒரே மாதிரி லயம், ஒரே மாதிரிச் சரிவு, ஒரே மாதிரிச் சாவு என்றால் அதில் விதிக்கு எவ்வளவு பங்கு இருக்க முடியும்?

விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதுளை நகரத்துக்குப் போகிறவர்கள் புனித மாற்கு தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரச அதிபராக இருந்தவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர். 1845 ஜூன் 7ஆம் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைப் பாவம் என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். புயல் ஓய்ந்துவிட்டதென்று நினைத்து விறாந்தைக்கு வந்து நின்றபோதுதான் மின்னல் விழுந்தது என்றும் கதை உண்டு. யானைக் கதையைவிட இந்த விறாந்தைக் கதைதான் எனக்குப் பிரயோசனமாகத் தெரிகிறது.

செத்த வீட்டில் உட்கார்ந்து "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்வது மருந்து. எத்தனையோ தாய்மாரை அந்த ஒரு சொல் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது. அதையே மலையில் வெடிப்பு விழுந்திருக்கும்போது, ஆள் உயிரோடிருக்கும்போது சொன்னால் அது குற்றம். தோட்ட நிர்வாகமோ அரசாங்கமோ சொன்னால் பெரிய குற்றம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்கள் கிழவிகளுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஆத்தாவுக்கு மஞ்சள் துணியில் காசை முடிந்துவிட்டு, அதே கையோடு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்.

ஆகையால், மண்ணும் பேசும் என்று என் அம்மாயி சொன்னதையும் நிபுணர்கள் சொல்வதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், இரண்டும் ஒன்றுதான். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றுபோனாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ மலை நகர்கிறது. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, பூட்ட முடியாமல் இறுகும் கதவு, சாய்ந்து நிற்கும் மரம், மலைக்குள்ளிருந்து வரும் உறுமல் எல்லாம் அதன் அடையாளம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனமாக இருக்க வேண்டும், 100 ஆனால் ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் வெளியேற வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. எங்கள் தோட்டத்தில் மழைமானிக் கணக்கையும் மரண உதவிச் சங்கக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறோம். அதை எழுதுகிறவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்கள்.

ஊவாவில் அக்டோபர் தொடங்கித் தைப்பொங்கல் வரைக்கும் ஆபத்தான காலம். மழை விட்டதும் சரிவு நின்றுவிடுவதில்லை, ஊறிய மண் அதற்குப் பிறகும் இறங்கும். ஆகவே ரொஜர்ஸ் விறாந்தைக்கு வந்து நின்ற மாதிரி, வெயில் அடித்ததென்று சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். துரை சொல்லட்டும், தலைவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் பிள்ளைகளையும் கிழவர்களையும் முதலில் இறக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.